கோழிக்கொண்டையும் தண்டுக்கீரையும்: பள்ளித் தோட்டத்திற்கு ஓர் ஒப்புநோக்கு

கோழிக்கொண்டை அழகிற்காக வளர்க்கப்படும் பூஞ்செடி. தண்டுக்கீரை உணவிற்காக வளர்க்கப்படும் இலைக்கறி. தோட்டத்தில் இவ்விரண்டையும் ஒருவரும் மாற்றி அறியமாட்டார். ஆயினும் இவற்றின் விதைகளை ஒரு வெள்ளைத் தாளின்மேல் அருகருகே வைத்துக் காட்டினால், பழகிய தோட்டக்காரரும் எது எதுவெனச் சொல்லத் தயங்குவர். இரண்டும் கடுகினும் மிகச் சிறியவை, கரியவை, பளபளப்பானவை, வில்லை போன்ற வடிவுடையவை. ஒரு கிராம் எடையில் ஆயிரத்திற்குக் குறையாத விதைகள் இருக்கும். இந்த ஒற்றுமை தற்செயலாக அமைந்ததன்று. இரண்டும் அமராந்தேசி என்னும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

கிராமங்களிற் பணிபுரியும் விரிவுப் பணியாளர்களிடமும், பள்ளித் தோட்டத்தைப் பொறுப்பேற்ற ஆசிரியர்களிடமும் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. நீர் வசதியுள்ள இடம் ஒரு சிறு பாத்தியளவே உளது. அதிற் பூ வைப்பதா, கீரை விதைப்பதா? இதற்கு விடை பெரும்பாலும் அவரவர் விருப்பத்தைப் பொறுத்தே கூறப்படுகிறது. இச்செடிகளின் இயல்பை அறிந்தால் இன்னும் உறுதியான விடை கூறமுடியும். அன்றியும், ஒரே குடும்பத்து உறவினர் இருவரை அருகருகே வைத்து ஆராய்வதைப் போன்ற நல்ல தாவரவியற் பாடம் வேறு கிடைப்பது அரிது.

முதலிற் பெயர்களைக் கவனிப்போம். கோழிக்கொண்டையின் தாவரவியற் பெயர் செலோசியா அர்ஜென்டியா. அதன் கொண்டை வடிவினதைக் கிறிஸ்டாட்டா என்று பிரித்துக் கூறுவர். கொண்டையில்லாது, வெண்மையும் இளஞ்சிவப்புங் கலந்த கதிராகப் பூக்கும் காட்டு வடிவமே தமிழ்நாட்டிற் பண்ணைக்கீரை எனப்படுவது. மானாவாரிச் சோளக்கொல்லைகளிலும் கம்பங்கொல்லைகளிலும் இது களையாக முளைக்கும். ஏழை மக்கள் அதன் இளந்தளிரைக் கிள்ளிச் சமைத்துண்பர். தெலங்கானாவில் இதே செடிக்குக் குனுகு என்று பெயர். பதுகம்மா விழாவின் ஒன்பது நாள்களிலும் பெண்கள் குனுகுக் கதிர்களைச் சாயத்தில் தோய்த்து, ஆவாரம்பூவுடன் அடுக்கடுக்காக வைத்து மலர்க்கோபுரம் அமைக்கின்றனர். மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியாவிலோ செலோசியா சந்தைக்கு வரும் முதன்மையான கீரைகளுள் ஒன்று. ஆகவே ஒரு நாட்டிற் களை, ஒரு நாட்டில் விழாமலர், மற்றொரு நாட்டிற் கீரை.

தண்டுக்கீரை அமராந்தஸ் டிரைகலர் என்னும் இனம். இளஞ்செடியாகப் பிடுங்கியதைப் பல இடங்களில் முளைக்கீரை என்றே விற்பர். வடநாட்டிற் சௌலாயி என்றும், வங்காளத்திற் சிவந்த வகையை லால் ஷாக் என்றும், ஆந்திரத்தில் தோடகூர என்றும், கேரளத்திற் சீர என்றும் வழங்குகின்றனர். இதிலும் இலை மஞ்சள், சிவப்பு, பச்சை என மூவண்ணமாக ஒளிரும் வகைகளைப் பூங்காக்களில் அழகுக்கென்றே நடுகின்றனர். எனவே பூஞ்செடி, கீரை என்னும் பிரிவு மக்கள் செய்துகொண்டதே.

பூவின் அமைப்பு

இவ்விரண்டின் வேறுபாட்டை மாணவர் கண்ணாற் காண ஒரு கைலென்சும் ஓர் ஊசியும் போதும். கோழிக்கொண்டையின் கதிரிலிருந்து ஒரு சிறு பூவை எடுத்துப் பிரித்தால், காய்ந்த தாள் போன்ற, மினுமினுப்பான இதழ்கள் ஐந்து காணப்படும். இவை அல்லியும் புல்லியும் எனப் பிரியாத ஒரே வட்டம். இதழ்கள் உயிருடன் இருக்கும்போதே உலர்ந்த தன்மையுடையவையாதலால், கொய்த பின்னரும் நிறம் மங்காமல் நெடுநாள் இருக்கின்றன. உள்ளே மகரந்தத் தாள்கள் ஐந்து. அவற்றின் அடிப்பகுதி ஒன்றுசேர்ந்து சிறு கிண்ணம் போல் அமைந்திருக்கும். நடுவிற் சூலகம், அதனுள் விதைகள் பல. ஒரே பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உள்ளன.

தண்டுக்கீரையின் பூவோ மிகச் சிறியது, பசுமையானது, கவர்ச்சியற்றது. ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஆயினும் இரண்டும் ஒரே செடியில் உண்டு. இதழ்கள் மூன்று, ஆண்பூவில் மகரந்தத் தாள்களும் மூன்று, அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்து நிற்கும். காய் ஒவ்வொன்றிலும் ஒரே விதை. இரு செடிகளிலும் முற்றிய காய் இடுப்பளவிற் சுற்றிலும் வெடித்து, செப்பின் மூடி போல் மேற்பாதி கழன்று விழும். விதையளவில் ஒத்திருப்பவை பூவின் உட்புறத்தில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதையும், காய் வெடிக்கும் முறையில் மீண்டும் ஒன்றுபடுவதையும் மாணவர் தாமே கண்டறிவராயின், குடும்பம், பேரினம் என்னும் சொற்களை மனப்பாடம் செய்யவேண்டிய தேவை இராது.

கொண்டை உண்டாவது எப்படி என்று குழந்தைகள் கட்டாயம் கேட்பர். செடியின் நுனியில் வளர்ச்சி நிகழும் இடம் இயல்பாக ஒரு சிறு குவிமாடம் போன்றது. கோழிக்கொண்டையில் அக்குவிமாடம் பக்கவாட்டில் நீண்டு ஒரு வரப்புப் போலாகிவிடுகிறது. புள்ளியாக வளரவேண்டியது கோடாக வளர்கிறது. நீளும் கோட்டிற்கு இடம் போதாமையால் அது மடிந்து மடிந்து சேவலின் கொண்டை வடிவைப் பெறுகிறது. வேறு செடிகளில் இத்தகைய விகாரம் காயத்தாலோ நுண்ணுயிராலோ எப்போதாவது தோன்றும். இங்கோ அது பரம்பரைக் குணம். விதைகள் கொண்டையின் உச்சியில் அல்ல, அதன் கீழ்ப்பகுதியிலுள்ள சிறு பூக்களிலேயே பெரும்பாலும் உண்டாகின்றன. விதை சேர்ப்போர் உச்சியைத் தேடி ஏமாறுவதுண்டு. தோட்டக் கோழிக்கொண்டையின் தோற்றத்தையும் உறவையும் பற்றி லக்னோவின் தேசியத் தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த கோஷூ, பால் என்னும் அறிஞர்கள் 1973இல் விரிவான ஆய்வு வெளியிட்டனர். காட்டுப் பண்ணைக்கீரையின் குரோமோசோம்கள் 72. கொண்டை வடிவத்திற்கோ அதிற் பாதியான 36.

நிறத்தைப் பற்றிய ஒரு சோதனை

கோழிக்கொண்டையின் சிவப்பும் செங்கீரையின் சிவப்பும், செம்பருத்தியின் சிவப்பும் ஒன்றென்றே தோன்றும். செம்பருத்தியின் நிறம் ஆந்தோசயனின் என்னும் பொருளால் ஆனது. அமராந்தேசிக் குடும்பத்திலோ அப்பொருள் இல்லை. அதற்கு மாறாக, நைட்ரஜன் கலந்த பீட்டாலெயின் என்னும் நிறப்பொருள் உளது. பீட்ரூட் கிழங்கின் நிறமும் இவ்வகையே. செம்பருத்தி இதழையும் சிவந்த தண்டுக்கீரையையும் தனித்தனியே நசுக்கி நீரிற் சாறெடுத்து, இரண்டிலும் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சில துளிகள் விடவேண்டும். செம்பருத்திச் சாறு பச்சை நிறமாகும். கீரைச் சாறு மஞ்சளாகும். எலுமிச்சைச் சாறு விட்டால் கீரைச் சாற்றின் சிவப்பு மாறாது. நெடுநேரம் கொதிக்கவைத்தாலோ வெளிறிவிடும். செலவின்றி வகுப்பறையிற் செய்யத்தக்க இச்சோதனையால், கண்ணுக்கு ஒத்த நிறங்கள் வேதியியலில் வேறாகலாம் என்பது விளங்கும்.

வெயிலைப் பயன்படுத்தும் முறை

இரு செடிகளிடையே உள்ள ஆழ்ந்த வேறுபாடு இலையினுள் மறைந்திருக்கிறது. கோழிக்கொண்டை, நெல், பயறு முதலிய பெரும்பாலான செடிகள் காற்றிலுள்ள கரியமிலவாயுவை முதலில் மூன்று கார்பன் அணுக்களுள்ள பொருளாக மாற்றுகின்றன. கரும்பு அவ்வாறன்றி நான்கு கார்பன் அணுக்களுள்ள பொருளாக முதலில் அமைக்கிறது என்பதை 1966இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், சிலாக் என்னும் விஞ்ஞானிகள் விளக்கினர். சோளமும் மக்காச்சோளமும் இவ்வகையினவே. இத்திறம் பெற்ற செடிகளிற் பெரும்பாலானவை புல்லினம். அகன்ற இலையுடைய கறிச்செடிகளுள் தண்டுக்கீரை அத்தகைய அரிய விலக்கு. கடும் வெப்பத்திலும் மிகுந்த ஒளியிலும் இவ்வழி வீண் செலவைக் குறைக்கிறது. ஒரு பங்கு உலர்பொருளை ஆக்குவதற்கு இத்தகைய செடிகள் ஏறத்தாழப் பாதி நீரையே செலவிடுகின்றன. சித்திரை வைகாசி வெயிலில் மற்றக் கீரைகள் வாடும்போதும் தண்டுக்கீரை தழைப்பதன் காரணம் இதுவே.

இதையும் கண்ணாற் காட்டலாம். நன்கு வெயில் காய்ந்த நாளின் பிற்பகலிற் பச்சை நிறத் தண்டுக்கீரை இலை ஒன்றையும் கோழிக்கொண்டை இலை ஒன்றையும் பறித்து, வெந்நீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தவேண்டும். பிறகு அவற்றைச் சாராவி உள்ள சிறு குப்பியில் இட்டு, அக்குப்பியை அடுப்பிலிருந்து இறக்கிய சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்துப் பச்சையம் நீங்கச் செய்யவேண்டும். சாராவி எளிதில் தீப்பற்றும். ஆகையால் சுடர் அருகில் இருத்தல் கூடாது. இவ்வேலையை ஆசிரியரே செய்தல் நன்று. வெளுத்த இலைகளை நீரிற் கழுவி, அயோடின் கரைசலை ஊற்றி லென்சின் வழியே நோக்கினால், கோழிக்கொண்டை இலை பரவலாகக் கறுத்திருக்கும். தண்டுக்கீரையிலோ நரம்புகளை ஒட்டிய பகுதி மட்டும் கரிய வலை போல் தெரியும். நரம்பைச் சுற்றி வளையமாய் நிற்கும் அறைகளிலேயே அதன் மாவுப்பொருள் உண்டாகிச் சேர்கிறது. இவ்வமைப்பிற்கு ஜெர்மன் மொழியில் மாலை எனப் பொருள்படும் பெயரை இட்டுள்ளனர், பொருத்தமான பெயரே.

ஒன்றுக்கு இலாபம், மற்றதற்கு நட்டம்

இனி, பயிரிடுவோர் முதன்மையாக அறியவேண்டிய செய்திக்கு வருவோம். இரண்டு செடிகளும் பகற்பொழுது குறையும் காலத்திற் பூக்கும் இயல்புடையவை. அதனோடு வறட்சி, நெருக்கம், சத்துக்குறைவு, சிறு தொட்டியில் வேர் அடைபடுதல் ஆகியவையும் இரண்டையும் முன்கூட்டியே பூக்கத் தூண்டும். கோழிக்கொண்டைக்குப் பூப்பது பயன். தண்டுக்கீரைக்குப் பூப்பது முடிவு. பூக்கதிர் வந்தபின் கீரையின் தண்டு நாராகி, இலை சிறுத்துவிடும். பகல் நீளும் மாதங்களில் விதைத்த கீரை பல நாள் இலை தரும். அதே விதையைப் பகல் குறையும் காலத்தில் விதைத்தால் ஒரு சாண் உயரத்திலேயே பூக்கும். விதை கெட்டது என்று அப்போது விதை கொடுத்தவரைக் குறை கூறுவர். காலமே தவறு, விதையன்று.

வடநாட்டுச் சமவெளிகளிற் கீரையை மார்ச்சு முதல் ஜூன் வரை விதைப்பர். கோழிக்கொண்டையை மே, ஜூன் மாதங்களில் நாற்றுவிட்டு, மழைக்காலத்திற் பூக்குமாறு செய்வர். உறைபனியை இரண்டுமே தாங்கா. தென்னாட்டில் ஆண்டு முழுவதும் விதைக்கலாமெனினும், மழை ஓய்ந்த குளிர்மாதங்களிற் கீரையை இளஞ்செடியாகவே பிடுங்கிவிடுதல் அறிவுடைமை.

உரத்திலும் இதே முரண்பாடு உண்டு. நைட்ரஜன் மிகுந்தால் கீரை தழைக்கும். கோழிக்கொண்டையோ இலை பெருத்து, பூக்கத் தாமதிக்கும். கீரைக்குக் களைந்து விட்டபின்னும், கிள்ளி எடுக்கும் வகைகளில் ஒவ்வொரு முறை கிள்ளியபின்னும், ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் யூரியா கரைத்துத் தெளிக்கலாம். மேலும் மேலும் இட்டால் இலையில் நைட்ரேட்டு சேரும். அது குழந்தைகளுக்கு நல்லதன்று. நுனி கிள்ளுதலும் அவ்வாறே. கீரையின் நுனியைக் கிள்ளினாற் பக்கக் கிளைகள் பெருகும். கொண்டை வகையின் நுனியைக் கிள்ளினாலோ பெரிய கொண்டை போய்ச் சிறு கொண்டைகளே கிடைக்கும். இறகு போன்ற கதிருடைய வகைகளைக் கிள்ளுவதிற் கேடில்லை.

விதைக்கும் முறை எளியது. 3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள பாத்திக்கு மட்கிய எரு 10 கிலோ இட்டுக் கிளறி, ஒரு கிராம் கீரை விதையைப் பத்து மடங்கு மணலுடன் கலந்து தூவி, மெல்ல அழுத்திவிட்டாற் போதும். ஆழப் புதைந்த விதை முளைக்காது. கோழிக்கொண்டையை நாற்றாக வளர்த்து, நான்கு இலை வந்ததும் வேர் கலையாமல் 30 செண்டிமீட்டர் இடைவெளியில் நடவேண்டும்; இப்பாத்தி 40 செடிகளைக் கொள்ளும். நீர் தேங்குவது இரண்டிற்கும் ஆகாது. இலைகளைப் பிணைத்து உண்ணும் புழு இரண்டையும் தாக்கும். ஆதலாற் பூப்பாத்தியைப் புழுவுடன் கவனியாது விட்டால் கீரைப்பாத்திக்கும் அது பரவும். கீரையின் இலையடியில் வெண்கொப்புளம் தோன்றினால் அது வெண்துரு நோய். அவ்விலைகளை நீக்கி எரிக்கவேண்டும்.

சத்து பற்றிய திருத்தம்

1937இல் நீலகிரியிலுள்ள குன்னூரிலிருந்து டாக்டர் அய்க்ராய்டு வெளியிட்ட இந்திய உணவுச் சத்துப் பட்டியல் பலமுறை திருத்தப்பட்டு வந்துள்ளது. அதைத் தொகுத்த ஆய்வுக்கூடம் பின்னர் ஹைதராபாத்துக்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. பழைய பதிப்புகளில் 100 கிராம் இளந்தண்டுக்கீரையில் இரும்புச்சத்து 20 மில்லிகிராமுக்கு மேல் என்று காணப்பட்டது. 1989இன் திருத்திய பதிப்பில் அது 3.49 மில்லிகிராமாகக் குறைந்தது. கீரையின் இரும்பு தேய்ந்துவிடவில்லை. பழைய ஆய்வுமுறையின் குறையும், இலையில் ஒட்டிய மண்தூசியும் எண்ணைப் பெருக்கிக் காட்டின. எனினும் பழைய எண் இன்றும் சுவர்ப்படங்களிலும் பயிற்சிக் குறிப்புகளிலும் வாழ்ந்துகொண்டிருக்கிறது. இரத்தசோகையுள்ள குழந்தைக்கு ஒரு கைப்பிடிக் கீரையே போதும் என்று தாயிடம் கூறும் பணியாளர், இவ்வெண்ணை நம்பியே அவ்வாறு கூறுகிறார். அத்தகைய குழந்தையை மருத்துவரிடம் அனுப்புவதும், இரும்புச்சத்து மருந்தைத் தவறாமற் கொடுக்கச் செய்வதுமே முறை. கீரை அதற்குத் துணையாகலாம், பதிலாகாது.

இதனாற் கீரையின் மதிப்புக் குறைந்துவிடாது. அதே அட்டவணைப்படி 100 கிராமிற் புரதம் 4 கிராம், கால்சியம் 397 மில்லிகிராம், கரோட்டின் 5,520 மைக்ரோகிராம், வைட்டமின் சி 99 மில்லிகிராம். ஆயின் இலையிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்வதால், அது முழுவதும் உடலிற் சேராது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அளவறிந்து உண்ணவேண்டும். கரோட்டின் உடலிற் சேரச் சிறிதளவு எண்ணெய் தேவை. நறுக்குமுன் கழுவி, சிறிது நீரில், மூடிய பாத்திரத்தில், வெந்தவுடன் இறக்குதல் நலம்.

கோழிக்கொண்டையின் இளந்தளிரும் உண்ணத்தக்கதே என்று மேலே கண்டோம். எனினும் பூந்தோட்டத்துக் கோழிக்கொண்டையைச் சமைக்குமாறு ஒருபோதும் அறிவுரை கூறலாகாது. கடைகளில் விற்கும் பூவிதைக்குப் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கலாம். பூஞ்செடிகளுக்குத் தெளிக்கும் மருந்துகளும் உணவுப்பயிருக்கு உரியவையல்ல.

பாத்தியை ஒதுக்குதல்

முன்கூறிய பாத்தியிற் கீரை 25 முதல் 30 நாளிற் பிடுங்கத் தயாராகும். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எனக் கொண்டால், ஒரு முறைக்கு மூன்றரைக் கிலோ. பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் தொடக்கப்பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு வகுத்துள்ள காய்கறி 50 கிராம். ஆகவே ஒரு பாத்தி 70 குழந்தைகளுக்கு ஒருநாள் காய்கறி தரும், மாதத்தில் ஒருநாள். பள்ளித் தோட்டம் சமையலறைக்கு வேண்டியதனைத்தையும் தந்துவிடும் என்று மேலதிகாரிகளுக்கு எழுதுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப்பார்த்தல் நலம். அத்தகைய பாத்திகள் நான்கு அமைத்து, வாரம் ஒன்றாக விதைத்தால், வாரத்திற்கு ஒருநாள் கீரை உறுதி. இது சிறிதெனினும் மெய்யான பயன்.

அதே பாத்தியிற் கோழிக்கொண்டை நட்டால் இடம் ஏறத்தாழ நான்கு மாதம் அடைபடும். அதற்குள் நான்கு முறை கீரை எடுத்திருக்கலாம். ஆகவே நீர் உறுதியாக உள்ள, தூய மண்ணுள்ள பாத்தியைக் கீரைக்கே விடவேண்டும். கோழிக்கொண்டைக்குப் பாத்தி தேவையில்லை. நடைபாதையின் ஓரத்தில் ஒற்றை வரிசையாக நட்டால் அதன் அழகும் கூடும், பாடத்திற்கும் பூ கிடைக்கும்.

ஓர் இடத்தில் மட்டும் இம்முடிவு தலைகீழாகிறது. வண்டிகள் மிகுந்த சாலையோரம், ஆலைக்கழிவு பாயும் ஓடையருகு, குப்பைச் சாம்பல் கொட்டிய நிலம் ஆகியவற்றிற் கீரை விதைத்தல் கூடாது. இரு செடிகளுமே காட்மியம் போன்ற உலோகங்களை மண்ணிலிருந்து உறிஞ்சி இலையிற் சேர்க்கும் இயல்புடையவை. இலை பசுமையாகவே இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. அத்தகைய இடத்திற் பூ மட்டுமே நடத்தக்கது.

பூ அருகிலிருந்தால் கீரை விதை கலப்பாகிக் கெடும் என்று விவசாயிகள் அஞ்சுவதுண்டு. இவை வெவ்வேறு பேரினங்களாதலால் ஒன்றோடொன்று கலவா. பச்சைத் தண்டுக்கீரையும் செங்கீரையும் அருகில் இருந்தால்தான் கலப்பு உண்டாகும். எனவே விதைக்கென விடும் செடிகளில் ஒரு வகையை மட்டுமே பூக்க விடவேண்டும். கோழிக்கொண்டையின் தலைகளை, அடிப்பகுதியிலுள்ள காய்கள் வெடிக்கத் தொடங்குமுன் கொய்து, தாள் பையினுள் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் விதை பையிலேயே உதிரும். பூவும் காட்சிக்குப் பயன்படும். செடியிலேயே விட்டால் விதை சிந்தி மறு ஆண்டு தோட்டமெங்கும் களையாகும். சேர்த்த விதையைப் பையிலிடும் அன்றே பெயரும் நாளும் எழுதி ஒட்டிவிடவேண்டும். மறுநாள் பார்த்தால் எது பூ, எது கீரை என்று கூறமுடியாது.